ஜட்ஜ் வீட்டுக் கோழியும் எங்கள் கமிட்டியும்

போன மாதம் வழவழவென்று ஓர் அழைப்பிதழ் வந்தது. சிறார் நலத்துக்காகத் தன்னலம் பாராமல் உழைத்த பொதுமக்களுக்குப் பாராட்டு விழாவாம். ஓய்வு பெற்ற நன்னடத்தை அதிகாரி என்ற முறையில் நான் மேடையேறி, தொண்டர்களின் அருமை பெருமையைக் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். "நீங்க கண்ணால பார்த்ததைச் சொன்னாலே போதும் சார்" என்றார் அழைப்பிதழ் கொண்டுவந்த இளம் அதிகாரி. கண்ணால் பார்த்ததைச் சொன்னால் பந்தலைப் பிரித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, மூட்டுவலி என்று சொல்லி அனுப்பிவைத்தேன். மூட்டில் வலி இருப்பது நிஜம். கையில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அய்யம்பாளையத்துக்காரன். கொடைக்கானல் மலையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன். மேலே ஏறிப் பிழைக்க வேண்டிவரும் என்று நினைத்ததில்லை. ஐம்பதுகளில் பரீட்சை எழுதித் தேறி, சென்னையில் பயிற்சி முடித்தேன். குழந்தை குற்றவாளி அல்ல, அதன் சூழ்நிலைதான் குற்றவாளி என்று பயிற்சியில் தினமும் சொல்லிக்கொடுத்தார்கள். சூழ்நிலையை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஞானத்தோடும், மச்சானிடம் இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டோடும் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே எனக்குக் கிடைத்த ஆபீஸ், அம்மை குத்துகிறவருடைய அறையில் பாதி. அவர் ஊர் ஊராகப் போய்விடுவார், நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். கைக்குழந்தையோடு வரும் பெண்கள் என்னைப் பார்த்ததும் குழந்தையின் சட்டையைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். "இல்லம்மா, நான் பெரிய பிள்ளைகளுக்கு" என்பேன். பெரிய பிள்ளைகளுக்கும் குத்துகிறார்கள் என்ற செய்தி ஊருக்குள் பரவி, பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பாதிப் பேர் வரவில்லை. அதுதான் நான் கொடைக்கானலில் செய்த முதல் சமூக சேவை.

என் உண்மையான வேலை இதுதான். சின்னப் பிள்ளைகள் திருட்டு, புரட்டு என்று போலீசில் அகப்பட்டால், நான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஏன் செய்தான், வீட்டில் அடுப்பு எரிகிறதா, அப்பன் குடிக்கிறானா என்று விசாரித்து, மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும். அவர் பார்த்து, பிள்ளையை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று சட்டத்தில் இருந்தது. யோக்கியமான ஒரு குடும்பத்தாரைத் 'தகுந்த நபர்' என்று குறித்து, பிள்ளையை அவர்கள் வீட்டில் வளர விடலாம். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், பாவம். அவர் எங்கள் கமிட்டியைப் பார்த்ததில்லை.

கமிட்டி என்றால் சிறார் உதவிக் கமிட்டி. ஊரின் பெரிய மனிதர்கள் சம்பளம் வாங்காமல் செய்த தொண்டு. தலைவர், ஓய்வு பெற்ற ஜில்லா ஜட்ஜ் ஒருவர். ஏரிக்கு மேலே பெரிய பங்களா கட்டிக் குடியேறியவர். பதவி போய்ப் பல காலம் ஆகியும், யாராவது தும்மினால்கூட "அமைதி" என்று சொல்வார். அடுத்தது மிஸஸ் தங்கராஜ். பிள்ளைகள் மேல் நிஜமாகவே உருகுகிற அம்மாள். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் "ஓ, யூ புவர் திங்" என்று கன்னத்தைத் தட்டுவார், பிறகு கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார். இவர்கள் தவிர ஒரு ஹோட்டல் முதலாளி, ஒரு காப்பித் தோட்டக்காரர், இன்னும் சிலர். அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. கேக் மட்டும் சாப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் எங்கே என்று கேட்பீர்கள். இருந்தார். ஆனால் அவர் வக்கீலாக இருந்த காலத்தில் இந்த ஜட்ஜ் ஐயாவின் கோர்ட்டில் நின்று வாங்கிய திட்டு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கமிட்டி யோசனை சொல்ல மட்டும்தான் என்பது சட்டம். ஜட்ஜ் ஐயா யோசனை சொல்லி முடிப்பதற்குள் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டிருப்பார் என்பது நடப்பு.

விசாரணை நடக்கும் அழகைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கோர்ட்டில் நடத்தக் கூடாது, மேஜை போடக் கூடாது, 'குற்றவாளி', 'தண்டனை' என்ற சொற்களை உச்சரிக்கக் கூடாது என்று விதி. ஆகவே ஜட்ஜ் ஐயாவின் பங்களா முன்ஹாலில் நடக்கும். மேஜையை எடுத்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நட்டநடுவே ஒரு முக்காலி. அதில் பிள்ளையை உட்காரவைத்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெரிய மனிதர் முறைத்துக்கொண்டிருப்பார். மேஜை இருந்திருந்தால் அதன் அடியிலாவது ஒளிந்துகொண்டிருக்கும்.

போலீஸ்காரர் யூனிபாரத்தில் வரக் கூடாது என்றும் விதி. எங்கள் ஏட்டு பெருமாளுக்கு யூனிபாரத்தை விட்டால் உருப்படியாக இருந்தது கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி ஒன்றுதான். ஒவ்வொரு விசாரணைக்கும் அதைக் கட்டிக்கொண்டு, விபூதி பூசி, மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பார். "என்ன சார் செய்ய, விதியில்ல?" என்பார் என்னிடம். எந்த விதியைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இந்தத் 'தகுந்த நபர்' சமாச்சாரம் மிஸஸ் தங்கராஜ் வீட்டில்தான் தொடங்கியது. மன்னவனூர்ப் பையன் ஒருவன் அவர் தோட்டத்தில் பேரிக்காய் பறித்து அகப்பட்டான். அம்மாளுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. "என் வீட்டில் திருடியவனை என் வீட்டிலேயே திருத்துகிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவனுக்கு ஸ்வெட்டர், ஷூ, மூன்று வேளைச் சோறு. அவன் வெந்நீர் போட்டான், விறகு பிளந்தான், நாயைக் குளிப்பாட்டி நடத்திக்கொண்டு போனான். சீசனில் வேலைக்காரன் கிடைக்காமல் பங்களாக்காரர்கள் திண்டாடுகிற ஊர் அது. இதைப் பார்த்த மற்ற மெம்பர்களுக்கும் திடீரென்று இரக்கம் சுரந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா! யார் வீட்டில் திருடினானோ அந்த வீட்டாரே பையனை எடுத்துக்கொள்வது என்று வழக்கமே ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டுமே என்று நான் ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். "நாள் முழுக்க வீட்டில் இங்கிலீஷ் கேட்கிறான், இதைவிட என்ன பள்ளிக்கூடம்?" என்றார் காப்பித் தோட்டக்காரர். ஓகோ, அவரும் பேசுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேரிக்காய்ப் பையன் பொங்கலுக்கு ஊருக்குப் போனான். ஸ்வெட்டரும் ஷூவும் சதை வைத்த கன்னமுமாக அவன் நடந்து போனதை மன்னவனூரே வாய் பிளந்து பார்த்திருக்கிறது. ஒரு பேரிக்காய்க்கு இவ்வளவா என்று அவர்கள் யோசித்ததில் என்ன தப்பு? அந்த வருடம் உருளைக்கிழங்கு முழுக்க நோய் விழுந்து அழுகிப்போயிருந்தது. பனி வேறு. வீட்டுக்கு வீடு பட்டினி.

ஒரு நாள் காலையில் ஏட்டு பெருமாள் என் அறைக்கு ஓடிவந்தார்.

"சார், வெரசா வாங்க. ஒரு பொம்பள வந்து குத்தவச்சிருக்கா. தன் மவனைத் தானே புடிச்சிட்டு வந்து, திருடிட்டான் எழுதிக்கோங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. என் சர்வீசுல இப்பிடி ஒரு கேசு பாத்ததில்ல."

போனேன். வெள்ளையம்மாள் என்று பெயர். புருஷன் இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. மன்னவனூரிலிருந்து முதல் நாளே கிளம்பிப் பிள்ளையோடு நடந்தே வந்திருக்கிறாள். பிள்ளை முத்துவேலுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கிழிந்த துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா திருடினான்?" என்றேன்.

"கோழிங்க."

"யார் வீட்டுக் கோழி?"

"சட்சு ஐயா வீட்டுக் கோழிங்க. அந்த ஏரிக்கு மேல பெரிய வீடு." சொல்லிவிட்டு ஏட்டின் முகத்தைப் பார்த்தாள், பெரிய வீடாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன், சரிதானே என்பதுபோல.

"நான் எடுக்கலங்க" என்றான் பையன்.

"ஏலே, சும்மா கெட!"

"நான் அந்த வீட்டையே பாத்ததில்லங்க."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் ஏட்டைப் பார்த்தேன். விஷயம் விளங்கிவிட்டது. எந்த வீட்டில் திருடுகிறானோ அந்த வீட்டில் சோறு. அப்படியிருக்கும்போது எதற்குச் சின்ன வீடாகப் பார்த்துத் திருட வேண்டும்? அவள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை, ஒன்றைத் தவிர. மற்ற மெம்பர்களுக்கு இரக்கம் சுரக்கும். ஜட்ஜ் ஐயாவுக்குச் சுரக்காது. அவர் சர்வீசில் யாரையும் மன்னித்ததில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இதை எடுத்துச் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து இருவரையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நானும் ஏட்டும் பேசிக்கொண்டோம். அதற்குள் ஜட்ஜ் வீட்டுச் சமையல்காரர் சூசை, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்து எட்டிப்பார்த்தார். கோழி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மனிதர் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

"இவன்தானா! நானும் எத்தனை நாளா தேடிக்கிட்டு இருக்கேன்! நான் பாத்தேங்க, இவனே தான். இந்தத் துண்டு, இந்தத் தலை. ஐயா கிட்டச் சொல்லிட்டு வாரேன்."

கூடையைக்கூட எடுக்காமல் ஓடினார். ஜட்ஜ் வீட்டில் நிஜமாகவே கோழிகள் கொஞ்ச நாளாகக் காணாமல் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. எப்படிப் போயின என்று சூசையைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. தேடிப்போனாலும் கிடைக்காத திருடன், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்து வந்திருக்கிறான். விடுவாரா!

அப்புறம் எல்லாம் கையை மீறிப் போயிற்று. கேஸ் எழுதியாயிற்று. விசாரணை வரைக்கும் பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆகவே தலைவர் பங்களாவின் அவுட்ஹவுசில் வைப்பது எங்கள் கமிட்டியின் ஏற்பாடு. அவுட்ஹவுஸ் சமையல்கட்டுக்குப் பின்னால். சாப்பாடு போடுகிறவர் சூசை. ஆக, கோழி பறிகொடுத்தவரும் தலைவரும் சிறை வைத்தவரும் ஒரே ஆள். சாட்சியும் காவலும் அவர் சமையல்காரர். இது எனக்கு மட்டும்தான் விநோதமாகத் தெரிந்தது.

"என் வீட்டுக் கோழி என்பதற்காகச் சொல்லவில்லை" என்று ஆரம்பித்தார் ஜட்ஜ் ஐயா, என்னைக் கூப்பிட்டு. "தலைவர் வீட்டிலேயே திருடியிருக்கிறான். ஒப்புக்கொள்ளவும் மறுக்கிறான். வருந்தாதவனைத் தகுந்த நபரிடம் விட முடியாது. செங்கல்பட்டு. மூன்று வருடம்."

வெள்ளையம்மாள் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். "பொய் சொன்னேங்கய்யா. ரெண்டு வேளை கஞ்சி கெடைக்குமேன்னு பொய் சொன்னேன். எம் பிள்ளை ஒண்ணும் எடுக்கல." மிஸஸ் தங்கராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்தத் தாயும் இப்படித்தான் சொல்வாள். தாய்ப்பாசம்!" என்றார். அவள் பொய் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள். உண்மை சொன்னதும் தாய்ப்பாசம் ஆகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விதிப்படி வீட்டு விசாரணைக்கு மன்னவனூர் போனேன். பூம்பாறை வரைக்கும் கிழங்கு லாரி, அப்புறம் நடை. வெள்ளையம்மாள் வீட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அடுப்பில் பூனை படுத்திருந்தது. கோழி காணாமல்போன நாட்களில் பையன் ஊரில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான் என்று மாட்டுக்காரர் முதல் வாத்தியார் வரைக்கும் சொன்னார்கள். வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். "அவன் வாயில பொய்யே வராது சார். பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினா, பாத்து எழுதினேன்னு அவனே எந்திரிச்சுச் சொல்லுவான். பெரிய தொந்தரவு."

நான் கிளம்பும்போது ஊரே என்னைச் சூழ்ந்துகொண்டது.

"ஐயா, இந்த வருசம் எத்தனை பேரை எடுக்குறீங்க?" என்றார் ஒருவர்.

"எதுக்கு?"

"அதாங்க, திருட்டுக்கு." இரண்டு பையன்களை முன்னால் தள்ளினார். "மூத்தவன் சுமாருங்க. சின்னவன் நல்லாத் திருடுவான். சொன்ன சோலியைச் செய்வான். ஏலே, ஐயாவுக்குக் கும்புடு போடுலே."

சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சின்னவனின் விலா எலும்பைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. இளஞ்சிறார் குற்றத்தைத் தடுக்க அமைத்த கமிட்டி, ஒரு மலைக்கிராமம் முழுவதையும் குற்றத்துக்கு மனுப்போட வைத்திருந்தது.

அறிக்கையில் பையன் நிரபராதி என்று பச்சையாக எழுதி, எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அங்கே இருந்த எங்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். மனிதர் கோபப்பட்டதே கிடையாது. முடியாது என்று சொன்னதும் கிடையாது. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். ஆனால் வெடுக்கென்று சொன்னால் நடக்கும். இழுத்துச் சொன்னால் நடக்காது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால், நீங்கள் அறைக்குள் வரவே இல்லை என்று அர்த்தம். இதைப் படித்துக்கொள்ளப் புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். நாற்காலியில் பாதி மட்டும் உட்காருவார். மீதிப் பாதி, போன் மணி அடித்தால் எழுந்து நின்று பேசுவதற்கு.

அறிக்கையைப் பிரித்து முதல் வரியைப் படித்தார்.

"ஜட்ஜ் ஐயா வீட்டுக் கோழியா?"

"கோழி அவங்களுது சார். பையன்தான் விஷயம். அவன் எடுக்கல."

"பையன் யார் வீடு?"

"மன்னவனூர்ல ஒரு விதவையோட பையன் சார்."

"ஆ...க...ட்...டும்." கண் மூடிவிட்டது.

"சார், மூணு வருஷம் சார். அந்தம்மாவுக்கு வேற யாரும் இல்ல."

கண்ணைத் திறந்தார். "நீங்க நல்ல மனுஷர். உங்களுக்கு ஒரு நல்ல யோசனை சொல்றேன். அந்தப் பையனை ஒப்புத்துக்கச் சொல்லுங்க. ஒப்புத்துண்டா வருந்தினதா ஆயிடும். வருந்தினா ஜட்ஜ் ஐயா மனசு இளகினாலும் இளகும். உண்மை வேற, கேஸ் வேற." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை வரச்சே பீன்ஸ் கொஞ்சம் இளசாப் பாத்துக் கொண்டு வாங்கோ. போன தடவை நார்."

செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். அதற்கும் "ஆகட்டும்" என்றார்.

நான் செய்யாததை மற்றவர்கள் செய்தார்கள். விசாரணைக்கு முன்னால் ஆளாளுக்கு முத்துவேலிடம் போய் ஒப்புக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஏட்டு சொன்னார், மிஸஸ் தங்கராஜ் சாக்லேட் கொடுத்துச் சொன்னார், சூசை முட்டை வைத்துச் சொன்னார். பையன் சாக்லேட்டையும் தொடவில்லை, முட்டையையும் தொடவில்லை. "எடுக்காததை எடுத்தேன்னு எப்பிடிச் சொல்லுறது?" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்.

சீசன் தொடங்கும் சமயம் விசாரணை வந்தது. ஹாலில் வட்டமாக நாற்காலிகள், நடுவில் முக்காலி, அதில் முத்துவேல். ஏட்டு பட்டு வேட்டியில். வாசல் ஓரம் வெள்ளையம்மாள். நான் அறிக்கையை வாசித்தேன். கோழி போன நாட்களில் பையன் ஊரில் இருந்ததற்கு வாத்தியாரே சாட்சி என்று அழுத்திச் சொன்னேன். மாஜிஸ்திரேட் ஜட்ஜ் ஐயாவின் முகத்தைப் பார்த்தார். ஜட்ஜ் ஐயா கூரையைப் பார்த்தார்.

"அறிக்கை கவனத்தில் கொள்ளப்படுகிறது" என்றார் ஜட்ஜ் ஐயா. ஒரு காகிதத்தைக் குப்பையில் போடுவதற்குக் கோர்ட்டுப் பாஷையில் அப்படிச் சொல்வது. "சூசை கண்ணால் பார்த்திருக்கிறான். பையா, கடைசியாகக் கேட்கிறேன். எடுத்தாயா, இல்லையா? வருந்தினால் வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிப்பேன். இல்லையென்றால் செங்கல்பட்டு."

"நான் எடுக்கலங்க."

மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் வெள்ளையம்மாள் வட்டத்துக்குள் ஓடிவந்து பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டாள். தாய் பிள்ளையின் காலில் விழுந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"ஏலே, எடுத்தேன்னு சொல்லுலே. நாந்தான் பாவி, நாந்தான் ஒன்னையக் கொண்டாந்து தள்ளிட்டேன். மூணு வருசம் ஒன்னையப் பாக்காம நான் செத்துப்போவேன்லே. ஒத்தச் சொல்லு. எடுத்தேன்னு சொல்லிருலே, என் ராசா."

பையன் அவள் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"எடுத்தேங்க" என்றான்.

"ஓ, தேங்க் காட்!" என்றார் மிஸஸ் தங்கராஜ்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜட்ஜ் ஐயா பழம்பெருச்சாளி அல்லவா? ஒப்புதல் வாக்குமூலம் என்றால் விவரம் வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று சர்வீஸ் முழுக்கத் தீர்ப்பு எழுதியவர். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை கோழி? எப்படி எடுத்தாய்? எங்கே கொண்டுபோனாய்? இறகு எங்கே?"

பையன் திருதிருவென்று விழித்தான். பொய்யில் பழக்கம் இல்லாத பிள்ளை. அடுத்த பொய்க்கு எங்கே போவான்? அவுட்ஹவுசில் இருந்தபோது கண்ட நிஜத்தைத்தான் எடுத்துப் போட்டான்.

"இங்கயே தாங்க தின்னோம். நானும் சூசையண்ணனும். எறகு, வெறகு அடுக்குக்குப் பின்னால பள்ளத்துல கெடக்குங்க. சாக்குல கட்டி."

டீ டிரேயோடு கதவண்டை வந்துகொண்டிருந்த சூசை அப்படியே நின்றார். கோப்பைகள் கிணுகிணுவென்று ஆடின.

"ஏட்டு" என்றார் ஜட்ஜ் ஐயா.

ஏட்டு பெருமாள் பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போனார். ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம். ஒரு சாக்கு வந்தது. அதன் கீழே இன்னொன்று. அவிழ்த்தால் வெள்ளை, சிவப்பு, புள்ளி என்று எல்லா நிறத்திலும் இறகு. அடியில் மக்கிப்போன பழைய இறகு. செந்நாய் தூக்கிக்கொண்டு போனதாக ஜட்ஜ் ஐயா போன தீபாவளிக்குத் துக்கப்பட்ட சேவலின் வால்கூட அதில் இருந்தது. முத்துவேல் கொடைக்கானலையே பார்க்காத காலத்துக் கோழிகள் அவை. சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும்.

ஜட்ஜ் ஐயா சூசையைப் பார்த்தார். சூசை தரையைப் பார்த்தார். அந்த வாரம் சென்னையிலிருந்து பெரிய நீதிபதிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வருவதாக இருந்தது. சூசையின் கைப்பக்குவத்தில் ஆட்டுக்கறி சாப்பிடுவதற்கென்றே வருகிறவர்கள். சீசனில் கொடைக்கானலில் வீடு கிடைக்கும், குதிரை கிடைக்கும், படகு கிடைக்கும், நல்ல சமையல்காரர் கிடைக்க மாட்டார்.

ஜட்ஜ் ஐயா தொண்டையைக் கனைத்தார்.

"பையன் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறான். மனப்பூர்வமாக வருந்துகிறான் என்று தெரிகிறது. வயதை உத்தேசித்து, எச்சரித்து, தாயிடம் ஒப்படைக்கலாம் என்பது கமிட்டியின் யோசனை."

மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அவன் எடுக்கவில்லை என்றே எழுதிவிடலாமே ஐயா" என்றேன். அடக்க முடியவில்லை. "அவனுக்குத் திருட்டுப் பட்டம் எதற்கு? சாக்கைத்தான் எல்லோரும் பார்த்தோமே."

"அப்படியானால் கோழியை எடுத்தது யார் என்ற கேள்வி வரும்" என்றார் அவர், பிள்ளைக்குச் சொல்வதுபோல. "இந்தக் கமிட்டி பெரியவர்களின் குற்றங்களை விசாரிப்பதற்கு ஏற்பட்டதில்லை." பிறகு முத்துவேலின் தோளில் தட்டினார். "சபாஷ். இனி எப்போதும் இப்படியே உண்மை பேச வேண்டும், தெரிந்ததா?"

மிஸஸ் தங்கராஜ் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். சூசை டீ கொடுத்தார். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு துண்டு கேக்.

நான் டீயைத் தொடாமல் வெளியே வந்தேன். தாயும் பிள்ளையும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவள் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு இல்லை என்பது இன்னும் அவளுக்கு முழுசாக மனதில் ஏறவில்லை. பையன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான்.

"ஏன்டா, எறகு அங்க கெடக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அவுக போட்ட கறியைத் தின்னேங்க, எறகைப் பொதைக்கிறதைப் பாத்தேங்க. அவுக கோழியை எடுத்ததை நான் பாக்கலையே. பாக்காததை எப்பிடிச் சொல்லுறது?" முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சார், எடுக்கலன்னு நெசத்தைச் சொன்னப்ப செங்கல்பட்டுன்னாங்க. எடுத்தேன்னு பொய்யைச் சொன்னதும் சபாசுன்னுட்டு வீட்டுக்குப் போன்னாங்க. இனிமே கேட்டா நான் எதைச் சொல்லணும்?"

 

வெள்ளையம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். பெரிய மனுசங்க கேட்டா வாயைத் தொறக்காத. நட வெரசா, பூம்பாறைக்கு முந்தி இருட்டிரும்."